எங்கள் வாயால் பேசியவன்

அவன் பேரை நான் எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. எங்கள் பேரைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து, நாங்கள் பேசாத பேச்சையெல்லாம் எங்கள் வாயில் போட்டு ஊர் சிரிக்க வைத்தவன் அவன். அதே வேலையை நான் அவனுக்குச் செய்ய மாட்டேன். அவனைத் தெரிந்தவர்களுக்குப் பேர் இல்லாமலே தெரியும். தெரியாதவர்கள் உங்கள் ஊரிலுள்ள ஒரு ஊமைக் கோட்டானை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அம்மா இருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை, உண்டு. காற்பந்து ஆட்டம் என்றால் அங்கே பெரிய திரையைக் கட்டிவிடுவார்கள். கடைக்குள் இரண்டு கட்சி. சீமையிலே ஆடுகிற இரண்டு குழுக்களுக்காக இங்கே பினாங்கில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருப்பார்கள். சிவப்புச் சட்டைக்காரர்களுக்குத் தலைவன் மாதிரி என் அண்ணன். நீலத்துக்கு அவனுடைய பால்ய சிநேகிதன் சேகர். நான் கல்யாணமாகி பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டாலும் நீலக் கட்சிதான். ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன்; நாள் முழுக்க நோயாளிகளிடம் இழுத்துப் பிடித்து வைக்கிற கோபத்தையெல்லாம் கொட்ட எனக்கு அந்தக் கடை வேண்டியிருந்தது.

அவன் இந்த இரண்டு கட்சியிலும் இல்லை. ஏர்கோன் பழுது பார்க்கிறவன், முப்பது வயதிருக்கும். மூலை மேசையில் தே தாரேக் என்கிற நுரைத் தேநீரை வைத்துக்கொண்டு, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கோல் விழுந்தால் கடையே எழுந்து நிற்கும். அவன் எங்கள் முகங்களைப் பார்ப்பான். "நீ எந்தக் கட்சிலா?" என்று கேட்டால் "ம்ம்" என்பான். அது சிவப்பா நீலமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் வேலை வந்து விழும். கைப்பேசியில் அதற்கென்றே ஒரு செயலி இருக்கிறதாம். இரண்டு பேர் படத்தைப் போட்டு, இவர் இப்படிக் கேட்டார், அவர் அப்படிச் சொன்னார் என்று நாமே அடித்துக்கொள்ளலாம். பார்த்தால் அசல் மெசேஜ் மாதிரியே நேரமும் டிக்கும் விழுந்திருக்கும். ஒரு தோல்விக்கு மறுநாள் வந்தது இது:

சேகர்: மச்சான், நேத்து ஆட்டம் பார்த்தியா?
அண்ணன்: எங்கலா பார்க்க. கரண்ட் இல்ல.
சேகர்: உன் வீட்டு லைட் எரிஞ்சுச்சே.
அண்ணன்: அது வேற கரண்ட்.

என் அண்ணன் அப்படித்தான். சிறு வயதில் உடைத்த பீங்கான் தட்டிலிருந்து எதையும் ஒப்புக்கொண்டதே இல்லை. அவனை நாற்பது வருடமாகப் பார்க்கிற எனக்கு ஒரு பக்கம் ஆகும் சங்கதியை இவன் நாலு வரியில் முடித்துவிட்டான். அண்ணனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

என்னையும் விடவில்லை. "அக்கா: நான் கோபப்படல, ஆனா அந்த ரெஃப்ரி வீட்டு அட்ரஸ் யாருக்காச்சும் தெரியுமா?" என்று ஒன்று வந்தது. நான் எப்போது அப்படிப் பேசினேன் என்று குழுவில் சண்டைக்குப் போனேன். "நான் கோபப்படல, ஆனா" என்றுதான் அந்தச் சண்டையையே ஆரம்பித்திருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் ஒரு வார்த்தை போடவில்லை. குழுவில் அவன் தன் பேரில், தன் பேச்சாக, எதையுமே எழுதியதில்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அவனுக்குத் தனக்கென்று ஒரு வாய் கிடையாது. இதை நான் ஏச்சாகத்தான் சொல்கிறேன். கடையில் தே தாரேக் அவனுக்குத் தித்திப்பு அதிகம். குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பான். கடைக்காரரிடம் சொல்ல மாட்டான். ஒரு நாள் சீனிக்கும் டின் பாலுக்கும் பேச்சு எழுதி அவருக்கு அனுப்பினான்.

சீனி: இன்னிக்கும் நாங்கதான் ஜெயிச்சோம்.
டின் பால்: எப்பவும் நீங்கதானேலா. நாங்க சும்மா பெஞ்சுல உக்காந்திருக்கோம்.

கடைக்காரர் அதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிச் சிரித்தார். தே தாரேக் அதே தித்திப்பாகத்தான் வந்தது. "அண்ணே, சீனி கொறைங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தத் தேநீரையே அவன் கடைசிவரை முகம் சுளித்துக் குடித்தான்.

நல்லவனாயிற்றே, கைத்தொழில் தெரிந்தவனாயிற்றே என்று நான்தான் அவனுக்குப் பெண் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வழிச் சொந்தம், சுங்கை பாக்காப்பில். நல்ல பெண். போனான், உட்கார்ந்தான், பலகாரத்தைப் பார்த்தான், வந்துவிட்டான். பிறகு அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ரசிகர் பேச்சு எழுதி அனுப்பியிருக்கிறான். அவளும் சிரித்திருக்கிறாள். ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அவரு அனுப்பறது நல்லா சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா என்னைப் புடிச்சிருக்கா இல்லயான்னு அவரு எப்பக்கா சொல்வாரு?"

 அவளுக்கு வேறிடத்தில் முடிந்தது. அன்றைக்குக் குழுவில் வந்தது இது:

ரசிகன் 1: அந்த ஆட்டக்காரி கை மாறிட்டாங்களாம்.
ரசிகன் 2: எந்த கிளப்புக்கு?
ரசிகன் 1: பேசற கிளப்புக்கு.

விஷயம் தெரியாதவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நாலு அறை விடவேண்டும் போலவும் வந்தது. இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே உனக்கு, அதை அவளிடம் போய்ச் சொல்லித் தொலைத்தால் என்ன?

அதோடு போயிருந்தால் அவனைப் பற்றி நான் எழுதவே மாட்டேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குச் சில வாரம் முன்பு சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம் வந்தது. சிவப்பு தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த காலம். அண்ணன் கடைப்பக்கமே வராமல் மாக் மண்டினில் உள்ள தொழிற்சாலையில் மிகைநேரம் கேட்டு வாங்கிச் செய்துகொண்டிருந்தான். ஆட்டத்துக்கு முன்பு இவன் எழுதினான்:

சேகர்: ஞாயித்துக்கிழமை உங்க கதைய முடிக்கறோம் மச்சான்.
அண்ணன்: நாங்க ஜெயிச்சா இந்தத் தைப்பூசத்துக்கு தண்ணிமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கறேன்லா. முருகா, நீதான் கோல்கீப்பர்.

பெனால்டி என்றால் "முருகா!" என்று கத்துகிறவன் அண்ணன். அச்சு அசலாக அவன் குரல். குழு உருண்டு சிரித்தது. ஒருவர் மனைவிக்குக் காட்ட, மனைவி இன்னொருவருக்கு அனுப்ப, அது எங்கள் அம்மா கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சிவப்பு ஜெயித்தது. அதுவும் எப்படி? கடைசி நேரத்துப் பெனால்டியை அவர்கள் கோல்கீப்பர் பாய்ந்து பிடித்தான்.

"முருகன்தான் வந்து நின்னு புடிச்சிருக்கான்" என்றாள் அம்மா. அன்றே விரதம் ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாக ஏறி இறங்கித் தரித்த பிள்ளை. மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் மலை ஏறக்கூடாது, நேர்த்திக்கடன் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கடனைச் செலுத்தாமல் விடலாமா என்றால், சாமி கடன் வயிற்றுப் பிள்ளை மேல் விடியும் என்று அம்மாவுக்குப் பயம். மகனும் எடுக்கக்கூடாது, கடனும் நிற்கக்கூடாது. ஆகவே தானே எடுப்பது என்று முடிவு செய்துவிட்டாள். அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி குறைந்து வருடக்கணக்காயிற்று. வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காலோடு தார் ரோட்டில் வெறுங்காலில் நடந்து, மலைப்படியும் ஏறுவதாகக் கிளம்பிவிட்டாள்.

"அம்மா, நான் அப்படி எழுதவே இல்லலா" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ எதைத்தான்டா ஒத்துக்கிட்ட?" என்றாள் அம்மா. 

நான் எடுக்கிறேன் என்றேன். "நீ வேற வீட்டுக்குப் போனவ. அவன் கடன் உனக்கு ஒட்டாது" என்றாள். எழுதினது அண்ணன் இல்லை, அந்த ஏர்கோன்காரன்தான் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்ப அவன் வந்து சொல்லட்டும். 'அது என் வாக்கு, நான் எடுக்கறேன்'னு என் முன்னால நின்னு சொல்லட்டும். குடத்த அவன் தலையில வச்சுட்டு நான் பாட்டுக்கு வீட்ல இருக்கேன்."

இதைவிட நியாயமாக யார் பேச முடியும்? அம்மாவின் கால் இப்போது ஒருவன் வாயில் இருந்தது. உலகத்தில் ஆயிரம் வாய் இருக்க, போயும் போயும் அந்த வாயில்.

அவனைத் தேடிப் போனேன். ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடையில் ஏணிமேல் நின்று ஏர்கோனைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கீழ எறங்கு."

"இருங்கக்கா, தண்ணி ஒழுகுது."

"ஒழுகட்டும். எங்கம்மாகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லு. 'அது நான் எழுதினதும்மா, வேண்டுதல் என்னோடது.' அவ்ளோதான். உன்னை யாரும் அடிக்கப்போறதில்ல, திட்டப்போறதில்ல."

"ம்ம்."

"என்னா ம்ம்? வருவியா மாட்டியா?"

"வர்றேன்க்கா."

வந்தான். அம்மா வீட்டுத் தளம்வரை வந்து, லிஃப்ட் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள். கதவைத் தட்டவில்லை. அன்று மாலை அம்மாவின் கைப்பேசிக்கு நேராக ஒன்று வந்தது. இந்த முறை ரசிகர்கள் யார் தெரியுமா?

பிள்ளையார்: தம்பி, அந்தப் பால்குடம் வேண்டுதல் என்னாச்சு?
முருகன்: வீடியோ போட்டுப் பார்த்துட்டேண்ணே. ஆஃப்சைட். கணக்குல வராது.
பிள்ளையார்: அப்ப அந்தம்மா?
முருகன்: வீட்ல உக்காந்து கஞ்சி குடிக்கச் சொல்லுங்க.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அபசாரம், அபசாரம். சாமி பேர்லயே எழுதிட்டானே. இந்தப் பாவத்துக்கும் சேர்த்துத்தான் நான் இப்ப ஏறணும்."

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தீயை அணைக்கச் சொன்னால் இன்னொரு குச்சியைக் கிழித்துப் போடுகிறவனை என்ன செய்வது? அவனுக்கு அம்மாமேல் அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது. அந்த அக்கறையும் அடுத்தவன் வாயில்தான் ஏறி உட்கார்ந்தது, அதுவும் கடவுள் வாயில்.

தைப்பூசத்தன்று வெயில் கொளுத்தியது. முதல் நாள் ரதத்துக்கு உடைத்த தேங்காய்களைக் கூட்டி அள்ளியிருந்தார்கள். ஆனாலும் ஓரங்களில் ஓட்டுச் சில்லுகள் கிடந்தன. அம்மா மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு, உதடு அசைய நடந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கூட்டம் முன்னும் பின்னும் நெருக்கியது. உறுமியும் தவிலும் காதை அடைத்தன.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவன் வருகிறான். எங்களுக்குப் பின்னால், ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், இன்னொரு கையில் அம்மாவின் செருப்பு. நாங்கள் தெருமுனையில் கழற்றி விட்டுவந்த செருப்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். நின்று அவனைப் பார்த்தேன்.

"இப்பவாச்சும் சொல்லுடா. இங்கயே குடத்த மாத்திக்கலாம்."

அவன் வாயைத் திறந்தான். 

"வெயில் அதிகமா இருக்குக்கா" என்றான்.

நான் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு அதற்குப் பிறகு அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மா படியேறி, பாலைச் சேர்ப்பித்து, கும்பிட்டு, முகம் மலர்ந்து இறங்கினாள். பேரப்பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவளுக்கு. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கண்டோம். வலது காலின் கடைசி விரலுக்கடியில் தேங்காய் ஓட்டுச் சில்லு ஆழமாக இறங்கியிருந்தது. அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. அதோடுதான் அவ்வளவு படியும் ஏறி இறங்கியிருக்கிறாள்.

கிளினிக் டாக்டரைக் கூப்பிடலாம் என்று பையிலிருந்து கைப்பேசியை எடுத்தேன். ஊர்வலத்தின்போது அவனிடமிருந்து வந்த ஒரு மெசேஜ் அதில் இருந்தது.

"அக்கா அம்மா கால் பாருங்க ரத்தம்"

அவ்வளவுதான். ரசிகன் இல்லை, சாமி இல்லை, படம் இல்லை. அவன் தன் பேரில் எழுதிய ஒரே மெசேஜ் எனக்குத் தெரிந்து அதுதான். ரோட்டில் அம்மா பதித்த ஈரத்தை அவன் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். எனக்கும் அவனுக்கும் நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரம். "அக்கா!" என்று ஒரு கத்தல் போதும். தோளைத் தட்டியிருந்தாலும் போதும். அவன் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். உறுமிச் சத்தத்தில், தோளில் தொங்குகிற பைக்குள் கிடக்கும் கைப்பேசி எனக்கு எப்படிக் கேட்கும்?

புண் சீழ் பிடித்தது. மருத்துவமனையில் அந்த விரலை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அம்மா காலில் பெரிய கட்டு. நான் எழுந்து இடம் விடவில்லை. அவனே பேசட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவன் கட்டைப் பார்த்தான், அம்மா முகத்தைப் பார்த்தான், மறுபடி கட்டைப் பார்த்தான். பிறகு கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தலையணைப் பக்கத்தில் அம்மாவின் கைப்பேசி 'டிங்' என்றது.

நான்தான் எடுத்துப் பார்த்தேன்.

இடது கால்: என்னா மச்சான், நாலு பேரோட ஆடறீங்களாம்?
வலது கால்: ஒருத்தனுக்கு ரெட் கார்டு.
இடது கால்: அவன் என்னா தப்பு பண்ணான்?
வலது கால்: அவன் ஒன்னும் பண்ணல. தப்பு பண்ணவன் இங்கதான் நிக்கறான்.
இடது கால்: ரெஃப்ரி பார்க்கலயா?
வலது கால்: பார்த்தாங்க. விசில் ஊதல.

அம்மா என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக உதடசைத்துப் படித்தாள். பிறகு சிரித்தாள். படுக்கை குலுங்கச் சிரித்தாள். அடுத்த கட்டில்காரம்மா என்னவென்று கேட்க, அவளுக்கும் படித்துக் காட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கேட்டாள்:

"சாப்டியாய்யா?"

"ம்ம்" என்றான்.

அம்மா அன்றே மன்னித்துவிட்டாள். அண்ணனுக்குப் பெண் பிள்ளை, நல்ல சுகமாகப் பிறந்தது. ஒரு விரலுக்கு ஒரு உயிர், முருகன் கணக்குச் சரி என்று அம்மா இன்றும் சொல்கிறாள். அந்தக் காலுக்கென்றே செய்த விசேஷ சப்பாத்து மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறாள். யாராவது காலைப் பற்றிக் கேட்டால் போதும், கைப்பேசியை எடுத்து அந்தப் பேச்சைக் காட்டுகிறாள். "அந்தத் தம்பி மனசுவிட்டுச் சொல்லிருச்சு பாரு" என்கிறாள். அவன் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். போகிறேன் என்று எங்களிடம் சொல்லவில்லை. சொல்லமாட்டான் என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே. மாமாக் கடையில் இப்போது ஆட்டம் முடிந்த மறுநாள் காலை ஒருமாதிரி வெறிச்சென்று இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறான்.

இருக்கட்டும். எழுதத் தெரிந்தவன் என்பதற்காக எல்லாரும் அவனை விட்டுவிட்டார்கள். நன்றாகச் சிரிக்க வைக்கிறவன் எதைச் செய்தாலும் செல்லும் என்று ஆகிவிட்டது. அம்மாவின் கால் கட்டுக்கும் அவன் வாய்க்கும் நடுவில் ஒரு கட்டில் நீளம்கூட இல்லை. அதை அவனால் தாண்ட முடியவில்லை. தன் தப்பைக்கூட அம்மாவின் இரண்டு கால்களைப் பேச வைத்துத்தான் சொன்னான்.

'நான் கோபப்படவில்லை, ஆனால்' என்று நான் ஆரம்பிப்பேன் என அவன் எதிர்பார்ப்பான். இல்லை தம்பி. கோபப்படுகிறேன். இது எதுவும் நீ என் பேரில் எழுதியது இல்லை. என் வாயால் நானே சொல்வது. எங்கம்மா பார்த்தும் விசில் ஊதவில்லை. இதோ, நான் ஊதுகிறேன்.